பண்டிகைக்கு முந்திய நாட்கள்

டிசம்பர் பிறக்கச் சில நாட்கள் இருக்கையில், பெர்லின் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகள், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரங்களை ஒழித்துவைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, "அப்பா, கிறிஸ்துமஸ் சமயத்துல எனக்கு அஞ்சு நாள் லீவு கிடைக்கும். நீங்களும் அம்மாவும் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள எங்கேயாவது ஒரு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம். எந்த ஊர்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு தேசத்தின் தலைநகரத்திலிருந்து இன்னொரு தேசத்தின் தலைநகரத்துக்கு ரயிலேறிப் போவது, நாம் மாயவரத்திலிருந்து சென்னைக்குப் போய்வருவதைப் போன்ற சாதாரண காரியமாக இருப்பதால், எந்த ஊரையும் தூரம் என்று சொல்லித் தள்ளிவிட வழியில்லாமல், ஒவ்வோர் ஊரையும் அதன் குணத்தைக் கொண்டே சீர்தூக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று.

என் மனைவிக்கு லண்டன்மேல் ஆசை. பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் படித்த பெயர்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்னும் அந்த ஆசை நியாயமானதே. அங்கே டிராபல்கர் சதுக்கத்தில் நிறுத்தப்படும் கிறிஸ்துமஸ் மரத்தின் வரலாறும் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டன் செய்த உபகாரத்தை மறவாமல், நார்வே தேசத்து ஆஸ்லோ நகரவாசிகள் 1947 முதல் ஆண்டுதோறும் தங்கள் காட்டிலிருந்து ஓர் ஊசியிலை மரத்தை வெட்டி அனுப்பிவருகிறார்கள். ஆனால் விசாரித்துப் பார்த்ததில், டிசம்பர் 25ஆம் தேதியன்று அந்த மகாநகரத்தில் பாதாள ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது என்று தெரியவந்தது. இதைக் கேட்டவுடன் என் மனைவி, "தீபாவளி அன்னிக்கு பஸ் ஓடாத ஊரா?" என்று ஆச்சரியப்பட்டாள். அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழிகாட்டியது.

நம்முடைய உற்சவங்களில் கூட்டமும் வெளிச்சமும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், தேரோட்டத்தன்றோ தீர்த்தவாரியன்றோ உச்சத்தை அடைகின்றன. அந்த ஒரு நாளைப் பார்ப்பதற்காகவே வெளியூர் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். மேற்கு ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் அப்படிப்பட்டதன்று. ஜெர்மனியில் 24ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணியோடு கடைகளை மூடிவிட்டு, அவரவரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. 24ஆம் தேதி மாலை பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்குகிற அந்நியன், ஈரத்தெருக்களையும் இறக்கிய கதவுகளையும் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பணம் செலவழித்தோம் என்று மனம் நொந்துபோவான். பண்டிகைக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கிய வாரங்களை அவர்கள் 'அட்வெண்ட்' என்று சொல்கிறார்கள். 'வருகை' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். வருகிறவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த நாட்களில்தான் நகரங்கள் தங்கள் வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன. ஆகையால், எந்த ஊர் அழகாக விளக்கேற்றுகிறது என்று கேட்பதைவிட, எந்த ஊருக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம் என்ற அபிப்பிராயம் எனக்கு உண்டாயிற்று.

அந்தக் கேள்வியோடு தேசப்படத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வியன்னாவில் டிசம்பர் மாதச் சந்தைக்கு 1298ஆம் ஆண்டிலேயே அரசனுடைய அனுமதி கிடைத்திருக்கிறது; அரண்மனைகளும் சங்கீத சபைகளும் நிறைந்த அந்த நகரத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அது எக்காலத்திலும் போகத்தக்க ஊர். மற்றொரு சமயம் போய்க்கொள்ளலாம். பிராக் நகரத்தில் பண்டிகை நெருங்கும்போது தெருமுனைகளில் பெரிய தொட்டிகளை வைத்து, குளங்களிலிருந்து பிடித்துவந்த கெண்டை மீன்களை உயிரோடு விற்பார்களென்றும், சில வீடுகளில் குழந்தைகள் அந்த மீனைக் குளியல் தொட்டியில் விட்டு விளையாடி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டுப் பிறகு அதைச் சாப்பிட மனமில்லாமல் ஆற்றில் கொண்டுபோய் விடுவது உண்டென்றும் மகள் சொன்னாள். இதைப் போன்ற குடும்ப வழக்கத்தைப் பார்க்க எனக்கு ஆவல்தான். எனினும், மாமிசம் உண்ணாத என் மனைவியை மீன் தொட்டிகளின் நடுவே அழைத்துக்கொண்டு போக நான் விரும்பவில்லை.

பிரெஞ்சு எல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரத்தின் சந்தை 1570ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நகரம் 1992 முதல் தன்னைக் கிறிஸ்துமஸின் தலைநகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. அங்கே சென்றுவந்த மகளின் தோழி ஒருத்தி, சனிக்கிழமை மாலையில் கோவிலைச் சுற்றியுள்ள சந்துகளில் தன் காலால் தான் நடக்கவில்லை, கூட்டந்தான் தன்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்றாள். நியூரம்பர்க் நகரத்தை ஒதுக்கத்தான் எனக்கு நிரம்பக் கஷ்டமாக இருந்தது. வெனிஸ் வழியாக வந்த கீழ்நாட்டு மிளகையும் கிராம்பையும் வாங்கி விற்றுச் செழித்த அந்த ஊர் வியாபாரிகளை 'மிளகு மூட்டைகள்' என்று பட்டப்பெயரிட்டு அழைத்தார்களாம். கோவிலின் மேல்மாடத்தில் பொன்முடி தரித்த ஓர் இளம்பெண் வந்து நின்று கவிதை படித்துச் சந்தையைத் தொடங்கிவைக்கும் காட்சியும் அங்கே உண்டு. ஆனால் அது முதல் அட்வெண்ட் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்றே நடந்து முடிந்துவிடுகிறது. மகளுக்கு விடுமுறை கிடைப்பதோ 20ஆம் தேதி.

இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே, எல்பே நதியின் கரையில் உள்ள டிரெஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அதற்கு வடகிழக்கே ஒரு விரற்கடை தூரத்தில், மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு பெயர் என் கண்ணில் பட்டது. புல்ஸ்நிட்ஸ்! அவ்வளவுதான், தேசப்படத்தை மடித்து வைத்துவிட்டேன். நான் வளர்ந்தது பொறையாறு. சிறுவயதில் என் தகப்பனார் என்னைக் கைப்பிடித்துத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் கோவிலின் முன்னால் நின்று, தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஐயர் இதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார் என்று சொல்வார். அந்தச் சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி பிறந்த ஊர் இந்தப் புல்ஸ்நிட்ஸ். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பிக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வாங்கித் தின்ற தெருவில் வளர்ந்தவனுக்கு, அந்தப் பெயரைக் கடந்து வேறிடம் போவதற்கு மனம் வரவில்லை.

பெர்லினிலிருந்து டிரெஸ்டனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். நாங்கள் போய் இறங்கியபோது மணி நான்குதான் ஆகியிருந்தது. ஆனால் சூரியன் மறைந்து தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டிசம்பரில் அந்தப் பிரதேசத்தில் பகல் எட்டு மணி நேரந்தான். பனி விழுந்து கூரைகளெல்லாம் வெளுத்திருக்கும் என்று படத்தில் பார்த்ததை நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நதிப்பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த நகரத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனியைவிட மழைத்தூறலே சகஜம். கம்பளிச் சட்டையைக் காட்டிலும் நனையாத பாதரட்சைதான் அங்கே முக்கியம்.

பழைய சந்தைச் சதுக்கத்தில் கூடும் 'ஸ்ட்ரீட்ஸல் மார்க்ட்' 1434ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது அது ஒரே ஒரு நாள் நடந்த சந்தை. ஸ்ட்ரீட்ஸல் என்பது 'ஸ்டொல்லன்' என்னும் பண்டத்தின் பழைய பெயர். உலர்ந்த திராட்சையும் பாதாமும் சேர்த்துச் சுட்டு, மேலே வெண்ணெய் தடவிச் சர்க்கரைப் பொடியைக் கனமாகத் தூவிய நீண்ட ரொட்டி அது. துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் வடிவம் என்று அதைச் சொல்கிறார்கள். அட்வெண்ட் காலம் ஆதியில் விரத காலமாக இருந்தபடியால், வெண்ணெய் விலக்கப்பட்டு எண்ணெயிலேயே அதைச் செய்யவேண்டியிருந்தது. சக்ஸனி தேசத்து அரசர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருந்து, கடைசியில் 1491ஆம் ஆண்டு போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட், வெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாமென்று அனுமதிக் கடிதம் அனுப்பினார். ஒரு பலகாரத்தின் ருசிக்காக ஒரு நாடே விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தது என்பதைப் படித்தபோது, நான் கேட்ட கேள்விக்கு இந்த ஊர் விடை வைத்திருக்கிறது என்று தோன்றியது. கடையிலிருந்த அம்மாள் அதை வெட்டிக் கொடுத்த விதத்தையும் கவனித்தேன். ஓரத்திலிருந்து வெட்டாமல், கத்தியை நட்டநடுவில் இறக்கி, இரண்டு பக்கமும் தேவையான துண்டுகளை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரு பாதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தி வைத்துவிட்டாள். வெட்டிய முகம் காற்றுப் படாமல் இருந்தால் வாரக்கணக்கில் உலராதாம்.

சந்தையின் நடுவே 14 மீட்டருக்கும் அதிக உயரமான ஒரு மரக் கோபுரம் அடுக்கடுக்காகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் சிறிய உருவங்கள் கடைகளில் விற்பனைக்கு இருந்தன. கீழே மெழுகுவர்த்திகளை ஏற்றினால், மேலெழும் சூடான காற்று உச்சியில் உள்ள மெல்லிய மரத்தகடுகளைத் தள்ள, அச்சு சுழன்று, தட்டுகளில் நிற்கும் மேய்ப்பர்களும் தேவதூதர்களும் ஊர்வலம் வருகிறார்கள். இந்த வேலைப்பாடெல்லாம் தெற்கே உள்ள தாதுமலைப் பிரதேசத்திலிருந்து வருகிறது. அங்கே வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளிகள் குளிர்காலத்தில் விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டிய பிறகே மேலே வருவார்கள்; வாரத்தில் ஆறு நாள் அவர்களுக்குச் சூரிய தரிசனம் இல்லை. ஆகையால் அவர்கள் வீட்டு ஜன்னல்களில் வில்போல் வளைந்த விளக்குத் தண்டை வைத்து வெளிச்சம் காட்டினார்கள். கனிவளம் குன்றியபோது, அந்தக் கைகள் மரத்தைக் கடைய ஆரம்பித்தன.

ஒரு கடையில் கிழவர் ஒருவர், மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடம் அளவுள்ள ஒரு மரவளையத்தை எங்களிடம் காட்டினார். வெளியே பார்த்தால் அதில் மேடும் பள்ளமுமான வரிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதைப் பலகையின்மேல் படுக்கவைத்து, கத்தியை அதன் விளிம்பில் ஊன்றிச் சுத்தியலால் இலேசாக ஒரு தட்டுத் தட்டினார். பரங்கிக்காய்க் கீற்றைப் போல ஒரு துண்டு பிரிந்து விழுந்தது. கையில் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், அது ஒரு குதிரை! காது, கழுத்து, முதுகு, கால் அனைத்தும் சரியாக இருந்தன. ஈரமரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வளையத்தின் குறுக்குவெட்டு குதிரை வடிவமாக அமையும்படி கடைந்து, பிறகு பிளந்தால், ஒரே வளையத்திலிருந்து பல பத்துக் குதிரைகள் கிடைக்கின்றன. கடைகிறவனுக்குக் கடையும்போது குதிரை கண்ணுக்குத் தெரியாது. கைப்பழக்கம் ஒன்றை நம்பியே உளியைச் செலுத்துகிறான். திருவிழாக் கடைகளில் மரச்சொப்பு வாங்கி விளையாடிய என் மனைவி, அந்தக் குதிரையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதையே வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. உருளைக்கிழங்கைத் துருவி அடைபோல் தட்டி எண்ணெயில் பொரித்து ஆப்பிள் கூழோடு தருகிறார்கள். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் கூம்புக் காகிதத்தில் கிடைக்கிறது. மசாலா போட்டுக் காய்ச்சிய திராட்சை ரசத்தைச் சாராயம் இல்லாமல் குழந்தைகளுக்கென்று செய்வதும் உண்டு. கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சந்தையிலிருந்து சில நிமிஷ நடையில் 'ஃபிரௌவன்கிர்ஹே' என்னும் மாதா கோவில் இருக்கிறது. 1945 பிப்ரவரி 13, 14 தேதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது நகரத்தில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். கோவில் இரண்டு நாள் தீயில் வெந்து நின்று, 15ஆம் தேதி காலையில் இடிந்து விழுந்தது. அதன் பின்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கற்குவியல் அங்கேயே கிடந்தது. 1994இல் திருப்பணி தொடங்கி, 2005 அக்டோபர் 30இல் பிரதிஷ்டை நடந்தது. பழைய கற்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, கூடியவரை பழைய இடத்திலேயே வைத்துக் கட்டியிருப்பதால், புதிய மணற்கல்லின் வெளிர்நிறச் சுவரில் கறுத்த கற்கள் ஆங்காங்கே தெரிகின்றன. சிகரத்தின் உச்சியில் உள்ள பொற்சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்னும் லண்டன் பொற்கொல்லர். அந்தக் குண்டுவீச்சில் கலந்துகொண்ட விமானி ஒருவருடைய மகன் அவர். சுவரோரமாக நின்று கையுறையைக் கழற்றிவிட்டுக் கறுத்த கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்து சில்லென்றிருந்தது. என்னைப்போலவே, போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தக் கல்லை ஒருமுறை தொட்டுவிட்டே போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் புல்ஸ்நிட்ஸுக்குச் சிறிய ரயிலில் போனோம். டிரெஸ்டனுக்கு வருகிற லட்சக்கணக்கான பிரயாணிகளில் நூற்றில் ஒருவராவது அங்கே போவாரா என்பது எனக்குச் சந்தேகம். போகிறவர்களும் ஒரு பண்டத்துக்காகவே போகிறார்கள். 'மிளகு ரொட்டி' என்று பொருள்படும் பெயருள்ள அந்தப் பண்டத்தைச் சுடும் உரிமை 1558ஆம் ஆண்டு அவ்வூர் ரொட்டிக்காரர்களுக்குக் கிடைத்தது. இன்றும் சில குடும்பங்கள் பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்துவருகின்றன. மிளகு ரொட்டியில் மிளகு இல்லை. கப்பலேறி வந்த கீழ்நாட்டுச் சரக்குகள் அனைத்தையும் அக்காலத்து ஜெர்மானியர் மிளகு என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள்.

நாங்கள் நுழைந்த கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முதிய அம்மாள் இருந்தாள். கதவைத் திறந்தவுடனே என் மனைவி நின்றுவிட்டாள். "என்னங்க, சுக்கு வாசனை!" என்றாள். சுக்கும் ஏலமும் கிராம்பும் பட்டையும் கலந்து காய்ந்த பாகின் வாசனை அது. மகள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, செய்முறையைக் கேட்டோம். மாவையும் தேனையும் அல்லது சர்க்கரைப் பாகையும் பிசைந்து, பீப்பாய்களில் அடைத்து, வாரக்கணக்கிலும் சில சமயம் மாதக்கணக்கிலும் அப்படியே ஊற வைக்கிறார்கள். முட்டையோ பாலோ கொழுப்போ அதில் சேருவதில்லை. ஊறி முதிர்ந்த பிறகே வாசனைச் சரக்குகளைச் சேர்த்துச் சுடுகிறார்கள். என் மனைவி முகம் மலர்ந்து, "இது அதிரச மாவு மாதிரிதானே! பாகுல பிசைஞ்சு வச்சு, நாளாக நாளாகத்தானே பதம் வரும். அவசரப்பட்டா எண்ணெயில பிரிஞ்சு போயிடும்னு சொல்லுடீ" என்றாள். மகள் அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. அந்த அம்மாள் தலையைத் தலையை ஆட்டினாள்.

நாங்கள் எந்த ஊர் என்று அவள் கேட்டபோது, சீகன்பால்கு போன ஊர் என்று மகள் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. தாய்தந்தையரைச் சிறுவயதிலேயே இழந்து, நோயாளியான உடம்போடு, டென்மார்க்கு அரசர் அனுப்பிய கப்பலில் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்ட அந்த மனிதரைப் பற்றி, எங்கள் பக்கத்துக் கதையை நான் சொன்னேன். ஹாலே நகரத்தில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியவையாக இருந்தபடியால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்ததையும், காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க எங்கள் பொறையாற்றில் ஆலை அமைத்ததையும், 1719இல் 36 வயதிலேயே அவர் மறைந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அவர் கட்டிய கோவில் இருக்கிறதா? எனக்கு முந்திக்கொண்டு என் மனைவி, "இருக்கு, நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனை நடக்குது" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். அதை மகள் மொழிபெயர்ப்பதற்குள்ளாகவே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பொட்டலம் கட்டும்போது, நாங்கள் கேட்டதற்கு மேல் இரண்டு ரொட்டிகளை உள்ளே வைத்துக் கட்டினாள்.

திரும்பும் வழியில் வீட்டு வாசல்கள்தோறும் காகித நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பிரதேசத்தில் உள்ள ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் செய்யப்படுபவை அவை. 25 முனைகள் கொண்ட அந்த நட்சத்திரம், 19ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு க்ஷேத்திரகணிதம் விளங்குவதற்காகச் செய்யப்பட்டதாம். முதல் அட்வெண்ட் ஞாயிறன்று அதைக் கோத்து மாட்டுவது குடும்பத்தோடு செய்யும் காரியம். மூங்கில் சிம்பை வளைத்து வர்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்துத் தென்னை மரத்தில் கட்டி ஏற்றிய எங்கள் தெருப் பையன்களை நினைத்துக்கொண்டேன்.

23ஆம் தேதி மாலை, மாதா கோவிலின் முன்னால் திறந்தவெளியில் ஆராதனை நடந்தது. 1993ஆம் ஆண்டு, கோவில் கற்குவியலாகக் கிடந்த காலத்தில், அந்தக் குவியலின் முன் தொடங்கிய வழக்கம் இது. தூறல் விடவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் உட்காரவும் இடமில்லாமல், ஒருவரையொருவர் இடிக்காமலும் தள்ளாமலும் நின்றபடி, ஊதுகுழல் வாத்தியங்கள் எடுத்துக்கொடுக்க, தெரிந்த பாட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள். எனக்கும் என் மனைவிக்கும் பாஷை தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு வாலிபன் தன் குடையைச் சற்று நகர்த்தி என் மனைவியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான். பாட்டு முடியும்வரை அவன் அந்தக் கையை மாற்றவேயில்லை.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சந்தையை மூடினார்கள். கடைசிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, பலகைக் கதவுகளைக் கீழே இறக்கி, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டு கடைக்காரர்கள் கலைந்து போனார்கள். அரைமணி நேரத்துக்குள் சதுக்கத்தில் புறாக்களும் நாங்களுமே நின்றோம். எங்கிருந்தோ மணிகள் ஒலிக்கத் தொடங்கின. ரயிலடிக்கு நடந்தோம்.

ரயில் நகரத்தை விட்டு வெளியேறியபோது நன்றாக இருட்டிவிட்டது. வழியிலிருந்த கிராமங்களில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் வில்வடிவ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி கண்ணாடியில் நெற்றியைப் பதித்துக்கொண்டு அவற்றை எண்ணத் தொடங்கினாள். நாற்பது வரைக்கும் அவள் எண்ணியது என் காதில் விழுந்தது. பிறகு சத்தம் இல்லை. மடியில் இருந்த மிளகு ரொட்டிப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.